ஐப்பசி முதல் மாசி வரை: பழைய வீட்டைப் பழுதுபார்க்க எந்த வழி?

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா கட்டிய வீட்டை மூன்று குளிர்காலம் பழுதுபார்த்தேன். முதல் குளிர்காலத்தில் செய்ததில் பாதியை மூன்றாவதில் இடித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. கூடத்தின் மேற்குச் சுவரில் இடுப்பு உயரம் வரை ஓதம். சிமெண்ட் பூசினால் தீர்ந்துவிடும் என்றார் மேஸ்திரி. பூசினோம். அடுத்த கார்த்திகையில் ஓதம் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்கடுத்த தையில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். சுட்ட செங்கல்லை மண்சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும், முன்பக்கம் மட்டும் மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடுகளும் காவிரிப் படுகையிலும் கடலோர மாவட்டங்களிலும் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் வீடுகள். அவற்றைப் பழுதுபார்க்கிறவர்களுக்கே இந்தக் குறிப்புகள். கம்பி கட்டி கான்கிரீட்டில் எழுப்பிய வீட்டுக்கு இதில் பல பொருந்தாது.

ஐப்பசியில் தொடங்கி மாசி முடியும் வரையான ஐந்து மாதத்தைக் குளிர்காலம் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதியில் மழை, நடுவில் பனி, கடைசியில் இளவெயில். பழைய வீட்டு வேலைக்கு வருடத்திலேயே நல்ல காலம் இதில்தான் இருக்கிறது, மோசமான காலமும் இதில்தான் இருக்கிறது.

மழையில் செய்யும் வேலை

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் கைவைக்க வேண்டாம். அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். வீட்டின் நோய் முழுக்கத் தெரிவது இந்த இரண்டு மாதத்தில்தான். வெயில் காலத்தில் வந்து பார்க்கும் மேஸ்திரிக்குக் கறை தெரியுமே தவிர, நீர் வரும் வழி தெரியாது.

ஒரு கரித்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து முடிந்ததும் சுவரில் ஈரம் எதுவரை நிற்கிறதோ அங்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். மேலிருந்து இறங்கும் ஈரம் மழையோடு வந்து மழையோடு போகும், பழுப்புக் கறை விடும். கீழிருந்து ஏறும் ஓதம் மூன்று நான்கு அடி உயரத்தில் அலை போல ஒரு விளிம்பு கட்டி, அங்கே வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். மழை நின்றாலும் அது போகாது. வருடம் முழுக்க ஒரே இடத்தில் வட்டமாக நனைந்திருந்தால் பக்கத்தில் ஏதோ குழாய் கசிகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சந்தேகமாக இருக்கும் இடத்தில் ஒரு முழப் பாலிதீன் தாளைச் சுவரோடு ஒட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்தானால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்தானால் அது சமையல் ஆவி, துணி காயவைக்கும் ஈரம் போன்றது. ஜன்னலைத் திறந்து வைத்தாலே அது குறையும்.

விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். படுகையின் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அதோடு சேர்ந்து திறந்து மூடும் விரிசலுக்குச் சாந்து அடைத்தால் போதும். மழைக்கு மழை நீண்டுகொண்டே போகும் விரிசலுக்கு முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள், கொத்தனார் பிறகு வரட்டும்.

கதவு மழையில் பிடித்துக்கொண்டால் இழைக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. இப்போது இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து விழும். கதவுக்கு ஆசாரி வேலையும் வர்ணமும் மாசிக்கு மேல்தான்.

இந்த மாதங்களிலேயே தள்ளிப்போடாமல் செய்யவேண்டிய ஒன்று உண்டு. பழைய மரப்பட்டியில் ஓடும் ஒயரிங்கை மாற்றுங்கள். அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கும். ஈரச் சுவரில் கை வைத்தால் சுரீர் என்கிறது என்று யாராவது சொன்னால் அன்றே மெயினை அணையுங்கள். புது ஒயரைச் சுவரை வெட்டிப் புதைப்பதா, மேலோடு பிவிசி பட்டியில் ஓட்டுவதா என்று கேட்பார்கள். மேலோடு ஓட்டுங்கள். மண்சாந்துச் சுவரில் நீளக் காடி வெட்டினால் சுவர் பலம் இழக்கும். நல்ல எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும்.

குடியிருந்தபடியா, காலி செய்தா?

முற்றம் வைத்த வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. அது தானாகவே இரண்டாகப் பிரியும். பின்கட்டில் சமையலை வைத்துக்கொண்டு முன்கட்டைப் பிரிக்கலாம், முடிந்ததும் மாறிக்கொள்ளலாம். கைக்குழந்தையோ, இளைப்பு உள்ள பெரியவரோ இருந்தால் கட்டாயம் வேறு இடம் பாருங்கள். பழைய பூச்சைக் கொத்தும் தூசி லேசானது இல்லை. மற்றபடி கூடவே இருப்பதே மேல் என்பேன். சாந்தில் என்ன கலக்கிறார்கள் என்று பார்க்கலாம். சாயங்காலம் பூச்சுக்கு நீங்களே தண்ணீர் தெளிக்கலாம். இரவு திடீரென்று மழை பிடித்தால் தார்ப்பாயை இழுத்து மூடவும் ஆள் இருக்கும். பூட்டிவைத்துவிட்டு வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் வேலையைக் கூரையோடு நிறுத்திக்கொண்டு, சுவரை அடுத்த வருடத்துக்கு விடலாம்.

கூரை: நாட்டு ஓடு, சீமை ஓடு, கான்கிரீட்

எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். கூரை. மேலே ஒழுகும்போது கீழே செய்யும் எந்தச் செலவும் வீண். ஆனால் கூரையை எப்போது பிரிப்பது என்பதில் அவசரம் கூடாது. கார்த்திகை முடிந்தது, மழை விட்டது என்று மார்கழி முதல் வாரமே ஓட்டை இறக்குகிறவர்கள் 2011ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரையேறியது டிசம்பர் 30ஆம் தேதி, மார்கழி நடுவில். பொங்கல் கழிந்து பிரியுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் திரும்பிவர ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம் உங்கள் கூரை திறந்து கிடக்கக் கூடாது. அதுவரை ஒழுகும் இடத்தில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றி, தார்ப்பாய் கட்டிச் சமாளியுங்கள்.

நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் குளிர்ச்சிக்கு இணை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஓடுகளுக்கு இடையில் காற்று நிற்கிறது, அதனால் சித்திரை வெயில் கூடத்துக்குள் இறங்குவதில்லை. குறை என்னவென்றால் ஓடு வெறுமனே அடுக்கியிருக்கிறது. பூனை ஓடினால் நகரும், குரங்கு குதித்தால் உடையும். மழைக்கு முன் வருடாவருடம் ஓடு மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. புது ஓடு கிடைப்பதும் கடினமாகிவிட்டது. இடிக்கும் வீடுகளிலிருந்துதான் பெரும்பாலும் வாங்குகிறோம்.

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓடு, 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரை ஒட்டிய ஜெப்புவில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தெற்கே பரவியது. ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும் காடி இருப்பதால் நகராது. சதுர மீட்டருக்கு சுமார் 15 ஓடு போதும், எடையும் நாட்டு ஓட்டடுக்கைவிடக் குறைவு. ஆனால் ஒற்றை அடுக்கு என்பதால் வெப்பம் அதிகம் இறங்கும். கீழே தட்டையான ஓடு (தட்டோடு) ஒரு வரிசை பரப்பினால் தணியும். நாட்டு ஓட்டிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் கணக்கில் மறந்துவிடுவது ரீப்பர் செலவை. நாட்டு ஓட்டுக்கு நெருக்கமாக அடித்த சட்டங்களை எடுத்துவிட்டு, சுமார் 1 அடி இடைவெளியில் ஓட்டின் அளவுக்குச் சரியாக மறுபடி அடிக்க வேண்டும். ஏற்கெனவே சீமை ஓடு இருக்கிற வீட்டில் உடைந்ததை மட்டும் மாற்றுவதானால் ஒரு பழைய ஓட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை காடியின் அளவு மாறும்.

மூன்றாவது யோசனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஓட்டையெல்லாம் எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது என்பார்கள். 4 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ இருக்கும். ஓட்டுக் கூரைக்கென்று மண்சாந்தில் எழுப்பிய சுவர் அதைத் தாங்குமா என்று அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. தாங்கினாலும், முற்றத்தின் நாலு பக்கமும் சரிந்து இறங்கும் வீட்டுக்குத் தட்டையான தளம் போட்டால் காற்றும் வெளிச்சமும் மாறிப்போகும். பழைய சுவரின் மேல் புதுத் தளம் போட்ட வீடுகளில் தளத்துக்குக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசலை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் தளம் விரிந்து சுவரைத் தள்ளியதன் அடையாளம் அது. வேண்டாம் என்பதே என் முடிவு.

அப்படியானால் இரண்டு ஓட்டில் எது? நீங்கள் அந்த வீட்டிலேயே வாழ்கிறீர்கள், ஓடு மாற்றுகிறவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்றால் நாட்டு ஓடே இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை திருவிழாவுக்கு வந்துபோகும் வீடென்றால் சீமை ஓடு. எதுவானாலும் இறவாணத்தின் கடைசி இரண்டு வரிசையையும் முகட்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதியுங்கள், சீமை ஓட்டைக் கம்பியால் ரீப்பரோடு கட்டவும் செய்யலாம். காற்று ஓட்டைத் தூக்கத் தொடங்குவது ஓரத்தில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது ஓரம் கட்டாத கூரைகள் வரிசை வரிசையாகப் பறந்தன.

கூரையின் கூடுவாய்மூலையில் தனி அக்கறை வேண்டும். இரண்டு சரிவின் நீரும் அங்கே சேர்ந்துதான் முற்றத்தில் விழுகிறது. அங்கே உள்ள தகரம் துருப்பிடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுத் தகடாக மாற்றுங்கள். கைமரங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், முனை சுவருக்குள் போகும் இடத்தில் முக்கியமாக. மேலே பளிச்சென்று இருக்கும் தேக்குகூடச் சுவருக்குள் உளுத்திருக்கும். உளுத்த முனையை மட்டும் வெட்டி நல்ல மரத்தை இணைக்கத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் முழுக் கைமரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. முனைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி உள்ளே விடுங்கள், கரையான் எளிதில் அண்டாது.

மெட்ராஸ் டெரஸ்

இது ஓட்டிலிருந்து வேறான பிறவி. நெருக்கமாக வைத்த மரச்சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாகக் குறுக்குச் சாய்வில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். தட்டும்போது கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளிப்பார்கள். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

ஒழுகினால் பலர் செய்வது, இருக்கிற தளத்தின் மேலேயே இன்னொரு சிமெண்ட் தளம் போடுவது. எளிது, மலிவு, ஆபத்து. ஒவ்வோர் அங்குலக் கான்கிரீட்டுக்கும் சதுர மீட்டருக்கு 60 கிலோ ஏறும். நூறு வருடச் சட்டம் ஏற்கெனவே தன் பங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. இரண்டு தலைமுறையில் மூன்று அடுக்கு ஏறிய மாடிகள் உண்டு. அங்கே சட்டம் நடுவில் தொய்ந்திருப்பதைக் கீழே நின்று கயிறு பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு மூன்று வருடத்துக்கு அவகாசம் தரும். பணம் சேரும்வரை அது போதும், தவறில்லை. சரியான வழி, பின்னால் ஏறிய சிமெண்டையும் உதிர்ந்த தட்டோட்டையும் எடுத்துவிட்டு, சட்டங்களைப் பார்த்து, ஜல்லி நல்ல நிலையில் இருந்தால் அதை விட்டுவைத்து, சுண்ணாம்பில் புதுத் தட்டோடு பதிப்பது. நீர் வெளியேறும் வாட்டம் போதுமா, மடைவாய் அடைத்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஒழுகும் மாடிகள் பலவற்றில் முதல் குற்றவாளி அரசமரக் கன்று. அதைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே நிற்கும். வேரின் போக்கில் செங்கல்லை எடுத்து முழுதாகக் களைய வேண்டும். சட்டங்கள் பாதிக்கு மேல் உளுத்திருந்தால் மட்டும், பொறியாளரைக் கேட்டு, முழுத் தளத்தையும் மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

சுவர்: சுண்ணாம்பா, சிமெண்டா?

என் பணம் வீணான இடம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிக்கொண்டேதான் இருக்கும். தாத்தா காலத்திலும் ஏறியது. ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஏறுவதும் ஆறுவதும் சமமாக இருந்ததால் சுவர் பிழைத்தது.

சிமெண்ட் பூசினால் அந்த வழி பெரும்பாலும் அடைபடுகிறது. வெளியேற முடியாத ஈரம் வழி தேடி மேலே ஏறுகிறது. இடுப்பிலிருந்த ஓதம் தோளுக்கு வந்தது இதனால்தான். நீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டின் பிடி பழைய செங்கல்லைவிட வலுவானது. ஆகவே அது கழலும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்பில் தேய்வது பூச்சு மட்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் அடிப்பகுதியைக் கொத்திவிட்டு மறுபடி பூசினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

சிமெண்டின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஊர்க் கடையிலும் மூட்டை கிடைக்கும். எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இன்று பூசினால் நாளை கல்லாகிவிடும், 28 நாளில் முழுப் பலமும் வந்துவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கல்லாக மாறும். கூலியும் கூடும், பொறுமையும் கூட வேண்டும். புதிதாகக் கட்டும் குளியலறைச் சுவருக்கு, சிமெண்ட் கல்லுக்கு, சிமெண்டே பூசுங்கள். பழைய சுவருக்குக் கூடாது. சுண்ணாம்பில் ‘ஒரு கை’ சிமெண்ட் கலந்தால் சீக்கிரம் பிடிக்கும் என்று கொத்தனார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஓதம் உள்ள இடத்தில் விரைவாக இறுக வேண்டுமென்றால் சுண்ணாம்போடு நன்கு வெந்த செங்கல் பொடி சேருங்கள். முன்னோர் கிணற்றுக்கும் தொட்டிக்கும் செய்தது அதைத்தான்.

குளிர்காலம் இங்கேதான் நமக்குக் கைகொடுக்கிறது. பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் சுண்ணாம்பு வேலையை நிறுத்திவிடுவார்கள். 5 டிகிரிக்குக் கீழே அது இறுகாது, உறைந்த நீர் பூச்சை வெடிக்க வைக்கும். நமக்கு மார்கழி, தை இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகல் வெயில் இதம், காற்றில் ஈரம். சுண்ணாம்பு கேட்பது இதைத்தான். பங்குனி, சித்திரையில் பூசினால் வெயில் நீரை ஒரே நாளில் உறிஞ்சிவிடும், பூச்சு வலை வலையாக வெடிக்கும். என் கூடம் இரண்டாவது முறை பூசப்பட்டது தை கடைசியிலும் மாசியிலும். ஒரு வெடிப்பு விழவில்லை.

அதற்கான ஏற்பாட்டைக் கார்த்திகையிலேயே தொடங்கிவிட வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கல்லை வாங்கிக் குழியிலோ தொட்டியிலோ நீற்றுங்கள். நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. குழந்தைகளும் நாயும் வராதபடி வேலி கட்டுங்கள். நீறிய விழுது மேலே நீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறட்டும், அதற்கு மேல் ஊறினால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் பாக்கெட் சுண்ணாம்புத் தூள் இதற்கு மாற்றாகுமா என்று கேட்கிறார்கள். புதிதாக வந்த பாக்கெட் என்றால் ஓரளவு ஆகும். மாதக்கணக்கில் காற்றுப்பட்டுக் கிடந்தது வெறும் மாவு, பிடிக்காது.

விழுது ஒரு பங்குக்குச் சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. பழைய பூச்சைக் கொத்தி, இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, சுவரை முதல் நாளே நனைத்து, இரண்டு மூன்று கையாக மெல்லப் பூச வேண்டும். ஒரு கைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வாரமாவது விடுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஆறவையுங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவரைப் பார்த்துவிட்டு முட்டை வெள்ளைக்கரு வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த மெருகு கடைசி மெல்லிய கைக்கு மட்டும் உரியது, அதற்கென்றே பழகிய கைகளும் வேண்டும். அடிப்பூச்சு சரியாக இருந்தால் அது இல்லாமலே சுவர் நிற்கும். முடித்த சுவருக்கு எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் செய்த வேலையெல்லாம் கெடும். மூன்று நான்கு தடவை வெள்ளையடியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓதம் ஏறும் சுவரில் கீழ் நாலடியை மட்டும் தையில் பூசாமல் வெறும் செங்கல்லாக விடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். வாய்க்காலில் நீர் ஓடும்வரை படுகையின் நிலத்தடி ஈரம் இறங்காது. தை பாதிக்கு மேல் அது இறங்கத் தொடங்கிய பிறகு, மாசிக் கடைசியில் அந்த நாலடியைப் பூசினால் நீண்ட நாள் நிற்கும். அதுவரை வீடு பார்க்க அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூச்சு எதுவானாலும், ஓதத்தின் வேர் பெரும்பாலும் வெளியேதான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே போய்விட்டது. நாலு படி ஏறிப்போன திண்ணைக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். மழைநீர் தெருவிலிருந்து சுவரடிக்கு வருகிறது. சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் உடைத்தெடுத்து, ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை இறக்கி, ஜல்லி நிரப்பி, நீர் ஓடிப்போக வாட்டம் கொடுங்கள். சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தும் முறையை விளம்பரப்படுத்துகிறார்கள். சீரான சிமெண்ட் இணைப்பு உள்ள சுவரில் அது வேலை செய்யலாம். மண்சாந்தும் பொந்தும் நிறைந்த ஒன்றரையடிச் சுவரில் மருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் பாதி இருந்தால் வடிகாலை வெட்டிவிடலாம்.

தரையும் ஆட்களும்

தரை கடைசி. பழைய சிவப்புக் காவித் தரை நல்ல நிலையில் இருந்தால் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆத்தங்குடிக் கல் என் தேர்வு. சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின்மேல் சிமெண்டும் மணலும் வர்ணமும் ஊற்றிக் கையால் செய்து நீரில் ஆறவைப்பது அது. வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. எண்ணெய் சிந்தும் சமையலறைக்கு மட்டும் கடப்பைக் கல் போடுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் தரையின் ஈரத்தை மூடிவிடும், மூடிய ஈரம் சுவர் ஓரத்தில் ஏறும். எதைப் போட்டாலும் பழைய தரையின் மேல் போடாதீர்கள். நிலைப்படி ஏற்கெனவே தாழ்வு, இன்னும் தலை இடிக்கும்.

ஆட்களை மொத்த ஒப்பந்தத்துக்கு விடுவதா, தினக்கூலிக்கா? மொத்தமாக விட்டால் தொகை தெரியும், நிம்மதி. ஆனால் பழைய வீட்டில் பிரித்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது. உளுத்த முனை கண்ணில் பட்டால் அதை மூடிவிட்டுப் போவதில்தான் அவருக்கு லாபம். ஆகவே கூரை பிரிப்பு, மரவேலை, சுண்ணாம்புப் பூச்சு மூன்றுக்கும் தினக்கூலி. தரை, வெள்ளையடிப்பு, ஒயரிங் போன்றவற்றுக்கு அளவுக் கணக்கில் ஒப்பந்தம். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேட ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பகுதியில் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி நடந்த பழைய கோயிலில் விசாரியுங்கள். எனக்குக் கிடைத்த பெரியவர் அப்படித்தான் கிடைத்தார். தை, மாசி சம்பா அறுவடைக் காலம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இயந்திரம் வந்தபிறகு முன்போல் இல்லையென்றாலும், சித்தாள்கள் சில நாள் வயலுக்குப் போவார்கள். அதற்கு முன்பணம் கொடுத்துத் தடுக்க நினைக்காதீர்கள். அந்த நாட்களில் பூச்சு ஆறட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேலை நடக்கும்போது பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் கட்டாயம் வாசலுக்கு வருவார். நாட்டு ஓட்டுக்கும் கைமரத்துக்கும் கையில் பணம் தருவார். கொடுத்துவிடாதீர்கள். இறக்கியதில் உடையாத ஒவ்வோர் ஓட்டையும் கொல்லையில் சுவரோரம் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். அடுத்த புயலுக்கு மாற்று ஓடு அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.